தலையும் தோளும்: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் நம் திறனாய்வும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்த ஊர் கெப்பாலா பத்தாஸ். மலாய் மொழியில் கெப்பாலா என்றால் தலை. பத்தாஸ் என்றால் வரம்பு, வரப்பு. நெல்வயல்களுக்குப் பேர்போன இவ்வட்டாரத்திற்கு இப்பெயர் நன்கு பொருந்துகின்றது. வரப்பின் தலைப்பில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. இருபுறத்து வயல்களையும் அவன் ஒருசேரக் காணலாம். எந்த வயல் செழித்திருக்கின்றது, எது சோர்ந்திருக்கின்றது என்று அவன் சொல்லலாம்; சொன்னால் பிறர் வந்து சரிபார்க்கவும் செய்யலாம். ஒரே வயலை மட்டும் பார்த்துவிட்டு, ‘இதற்கு நிகர் எங்கும் இல்லை’ என்பானாயின், அவன் சொல்வது வயலைப் பற்றிய செய்தி ஆகாது. தன் மகிழ்ச்சியைப் பற்றிய செய்தியே ஆகும்.

இக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்தது ஒரு மாணவியின் கேள்வி. ஆறாம் ஆண்டு வகுப்பில், தாம் விரும்பும் விளையாட்டு வீரரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். அம்மாணவி, “அவர் மற்ற ஆட்டக்காரர்களைக் காட்டிலும் தலையும் தோளும் மேலே நிற்கிறார்” என்று எழுதியிருந்தாள். ‘ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் அபவ்’ என்னும் ஆங்கிலத் தொடரை அவள் ஆங்கில வகுப்பில் கற்றிருக்கிறாள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்துவிட்டாள். நான் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘மரபன்று’ என்று எழுதி, ‘தலைசிறந்த ஆட்டக்காரர்’ என்று திருத்திக் கொடுத்தேன். ஏட்டைப் பெற்றுக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். “ஐயா, தலைசிறந்த என்பதிலும் தலைதானே இருக்கிறது? நான் தோளைச் சேர்த்து எழுதியது மட்டும் எப்படிப் பிழையாகும்?” என்று கேட்டாள்.

பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற எந்தப் பாடமும் அந்நேரத்தில் கைகொடுக்கவில்லை. ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று அவளை அனுப்பிவிட்டேன். ஓர் ஆசிரியர் ‘மரபன்று’ என்று எழுதலாம். ஆனால் அது ஏன் மரபன்று என்று சொல்ல இயலாதபோது அச்சொல் வெறும் அதிகாரமாகிவிடும். அன்றிரவு தொடங்கிய தேடல், அம்மாணவியின் ஏட்டைக் கடந்து, நம் திறனாய்வின் நிலை வரைக்கும் என்னை இட்டுச் சென்றது. அதனையே ஈண்டு முறைப்படுத்திக் கூற முற்படுகின்றேன்.

தொடரின் பொருளும் பயன்பாடும்

‘தலையும் தோளும் மேலே’ என்னும் ஆங்கிலத் தொடர், ஒருவர் அல்லது ஒரு பொருள் தம் இனத்தைச் சார்ந்த பிறவற்றைவிட ஐயத்திற்கிடமின்றி மேம்பட்டு நிற்றலைக் குறிக்கும். அதன் பயன்பாட்டில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, அது சிறிய வேறுபாட்டிற்கு வழங்காது. நூற்றுக்கு எண்பது பெற்றவனை எழுபத்தொன்பது பெற்றவனோடு ஒப்பிட்டு இத்தொடரைக் கூறுதல் பொருந்தாது. இரண்டு, அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். தனியே நிற்பவன் எவ்வளவு நெடியவன் ஆயினும் எவருடைய தலைக்கும் மேலே நிற்பவனாக மாட்டான். மூன்று, அக்கூட்டம் ஒரே நிலத்தில் நிற்க வேண்டும். மேடைமேல் நிற்பவன் கீழே நிற்பவர்களைவிட உயரமாகத் தோன்றுவது மேடையால் வந்த உயரம். ஆகவே சிறுகதையைச் சிறுகதையோடும், மாணவனை மாணவனோடும் வைத்துப் பேசும்போதே இத்தொடர் உயிர் பெறுகின்றது.

இவ்வுருவகம் விவிலியக் கதை ஒன்றோடு நெருங்கிய தொடர்புடையது. சாமுவேலின் முதல் நூலில், இஸ்ரவேலரின் முதல் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்படும் சவுல் என்பவனைப் பற்றிய வருணனை வருகின்றது. மக்கள் அனைவரையும்விடத் தோளுக்கு மேற்பட்ட அளவு உயர்ந்தவன் அவன் என்பது அதன் கருத்து. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, தோளிலிருந்து மேல்நோக்கி அவன் உயர்ந்திருந்ததாக மூலத்தை ஒட்டிச் செல்லும். தமிழ் விவிலியமோ இதனைத் திருப்பிப் போட்டு, மக்களெல்லாம் அவனுடைய தோளுக்குக் கீழே அமையத்தக்க உயரம் என்னும் கருத்துப்படக் கூறும். சவுலை அளப்பதற்கு மாறாக, சுற்றி நிற்போரை அவன் தோளைக் கொண்டு அளந்து காட்டிற்று அத்தமிழ். தமிழ் படிக்கும் எவரும் அக்காட்சியை உடனே காண்பர். சொல்லைப் பெயர்ப்பதற்கும் காட்சியைப் பெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கதை அவ்வளவில் முடியவில்லை. அவ்வளவு உயர்ந்து நின்ற சவுல் பின்னர்த் தகுதியிழந்து போகின்றான். அவனுக்குப் பதிலாக வேறோர் அரசனைத் தேடிச் சாமுவேல் செல்லும்போது, தோற்றத்தையும் உயரத்தையும் பார்க்க வேண்டா, உள்ளத்தையே பார்க்க வேண்டும் என்னும் அறிவுரை அவருக்குக் கிடைக்கின்றது. தேர்ந்தெடுக்கப்படுபவனோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவன் தாவீது. ஆக, மேம்பாட்டைக் குறிக்க உலகமெங்கும் வழங்கும் இத்தொடர் எந்தக் கதையை நினைவூட்டுகின்றதோ, அந்தக் கதையே உயரத்தை நம்பிச் செய்த ஒரு தேர்வு பிழைபட்ட வரலாற்றைக் கூறுகின்றது. உயர்ந்த இடத்தில் இருப்பினும் உயர்ந்த பண்பில்லார் உயர்ந்தோர் ஆகார் என்னும் கருத்தைப் ‘பெருமை’ என்னும் அதிகாரத்தில் 973ஆம் குறளாக வைத்தார் வள்ளுவர். இரு வேறு மரபுகள் ஒரே எச்சரிக்கையை விடுத்துள்ளன.

உடன்பிறந்த தொடர்கள்

இத்தொடருக்கு ஆங்கிலத்தில் உடன்பிறப்புகள் பல. ‘ஹேண்ட்ஸ் டவுன்’ என்பது அவற்றுள் ஒன்று. குதிரைப் பந்தயத்தில் வெற்றி உறுதியாகிவிட்ட ஓட்டுநன், குதிரையை மேலும் விரட்டாமல் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்திக்கொள்வான். அதனால் எளிதில் பெறும் பெருவெற்றியை இத்தொடர் குறிக்கலாயிற்று. பினாங்கில் 1864-இல் குதிரைப் பந்தய மன்றம் தோன்றியது. ஆகவே, இக்காட்சி நம் தீவினர்க்கும் அயலானதன்று. ஆயினும் ‘கைகளைக் கீழே போட்டு வென்றான்’ என்று தமிழில் எழுதினால் என்ன பொருள்படும்? முயற்சியைக் கைவிட்டவன் எப்படி வென்றான் என்றே படிப்பவர் திகைப்பர். ‘பை எ லாங் சாக்’ என்னும் தொடர், ஆட்டத்தில் பெற்ற புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் குறித்த வழக்கத்திலிருந்து வந்தது. ‘நீண்ட சுண்ணக்கட்டி அளவால் வென்றான்’ என்றால் அதுவும் நமக்குப் பொருள் தராது.

ஒரு மரபுத்தொடர் அதைப் பேசும் மக்களின் களத்திலும் கடைத்தெருவிலும் கோயிலிலும் பிறக்கின்றது. பிறந்த இடத்தை விட்டுச் சொற்களை மட்டும் எடுத்து வந்தால், பொருள் பின்னாலேயே நின்றுவிடும். நம் நாட்டு மாணவர் மலாயும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயில்வோர். 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. அதனையே தொடக்கமாகக் கொண்டு 2016-இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. அப்பள்ளியை நிறுவிய பாதிரியார் ஹட்சிங்ஸ், மலாய் விவிலியத்தைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர். ஆகவே, மொழிகள் அருகருகே வாழ்வதும் ஒன்றன் தொடரை மற்றொன்று உற்றுப் பார்ப்பதும் இம்மண்ணில் இருநூறு ஆண்டு வழக்கம். கடன் வாங்குதலைக் குற்றம் என்று நான் கூறவில்லை. வாங்கும் பொருள் நம் வீட்டில் பயன்படுமா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழில் தலையும் தோளும்

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். ‘தலைசிறந்த’ என்பதில் உள்ள தலை எத்தகைய தலை?

தமிழில் தலை என்பது உறுப்பை மட்டும் குறிப்பதன்று. முதன்மையையும் இடத்தையும் குறிக்கும். ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை உணர்த்தும் உருபுகளுள் ‘தலை’ என்பதையும் இலக்கண நூலார் எண்ணினர். தலை, இடை, கடை என்பது தமிழர் பொருள்களை வரிசைப்படுத்திய முறை. தலைச்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்னும் வழக்கு நாம் அறிந்ததே. முதலிற் பிறந்த பிள்ளை தலைச்சன். அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே ‘தலைசிறந்த’ என்பதில் உள்ள தலை, உடலின் உயரத்தை அளக்கும் தலையன்று; வரிசையின் முதலிடத்தைக் காட்டும் தலை. ஆங்கிலத் தொடர் உயரத்தால் அளக்கின்றது. தமிழ்ச்சொல் வரிசையால் அளக்கின்றது. ஆகவேதான் ‘தலைசிறந்த’ என்பதோடு தோளைச் சேர்க்க இயலவில்லை. வரிசைக்குத் தோள் கிடையாது.

ஆசிரியர் யாவரும் அறிந்த நன்னூற் பகுதி ஒன்றை இங்கு நினைவூட்டலாம். பவணந்தியார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அவ்வளவில் நின்றிருந்தால் அது வெறும் பட்டியலாகப் போயிருக்கும். தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை கூறினார். இடைமாணாக்கருக்கு நிலத்தையும் கிளியையும் கூறினார். கடைமாணாக்கருக்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கூறினார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், வயிறார மேய்ந்து பின் இருந்து அசைபோடும் பசு எனும்போது, தலைமாணாக்கன் எதனால் தலையானவன் என்பது விளங்கிவிடுகின்றது. பிரித்தறிதலும் மீண்டும் எண்ணிப் பார்த்தலுமே அவனுடைய சிறப்பு. சிறப்பைச் சொல்பவர் சிறப்பின் காரணத்தையும் உடன் சொல்ல வேண்டும் என்னும் ஒழுங்கு இதில் உள்ளது.

மலாய் மொழியிலும் தலை பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ‘பெசார் கெப்பாலா’ என்றால் சொல்லுக்குச் சொல் பெரிய தலை. பொருளோ செருக்கும் அடங்காமையும். நாம் ‘தலைக்கனம்’ என்கிறோம். அண்டை வீட்டாராகிய இரு மொழியினரும் தலை பெருத்தலைக் குறையாகவே கண்டனர்.

தோளின் கதை இன்னும் சுவையானது. ‘தோள் கொடுத்தல்’ என்றால் உதவுதல்; ‘தோளோடு தோள் நிற்றல்’ என்றால் ஒற்றுமை. ‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்பது நம் வீடுகளில் நாளும் வழங்கும் பழமொழி. மகன் தந்தையின் தோளைக் கடந்து வளர்ந்துவிட்டால், அவனை இனி அடக்கி ஆள வேண்டா, தோழனாக நடத்துக என்பது அதன் பொருள். ஆங்கிலத் தொடரில் தோளைக் கடந்தவன் மேலோன் ஆகின்றான். தமிழ்ப் பழமொழியில் தோளைக் கடந்தவன் தோழன் ஆகின்றான். ஒரே உறுப்பு, ஒரே உயரம், முடிவு மட்டும் வேறு. மாணவி எழுதிய தொடர் தமிழ்க் காதுக்கு ஒவ்வாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். தோள் என்ற சொல் நம் நெஞ்சில் எழுப்பும் உணர்வு வேறு திசையில் செல்கின்றது.

அவ்வாறாயின், தெளிந்த மேம்பாட்டைக் கூறத் தமிழில் தொடர் இல்லையா? உண்டு, பலவுண்டு. ‘மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு’ என்கிறோம். மலாய்க்காரர் வானையும் பூமியையும் வைத்து இதனையே கூறுவர். ‘குன்றின்மேல் இட்ட விளக்குப் போல’ என்னும் உவமைத்தொடர் நம் பள்ளிகளில் பயிற்றப்படுவதே. ‘கால் தூசுக்குப் பெறாது’, ‘உறைபோடக் காணாது’ என்பனவும் உண்டு. ஆனால் அவை ஒருவரை உயர்த்துவதைவிட மற்றவரைத் தாழ்த்துவதையே மிகுதியாகச் செய்வன. மாணவர் கட்டுரையில் அவற்றைத் தவிர்ப்பதே நன்று. சிறுபாணாற்றுப்படையில், அவைக்கண் வீற்றிருக்கும் நல்லியக்கோடனுக்குப் பல விண்மீன்களின் நடுவே விளங்கும் நிலவு உவமையாகின்றது. ஆங்கிலத் தொடருக்கு மிக அணுக்கமானது இவ்வுவமையே என்பது என் எண்ணம். இங்கும் ஒரு கூட்டம் இருக்கின்றது. ஒன்று தெளிவாக மேம்பட்டிருக்கின்றது. ஆயினும் நிலவு இருப்பதால் விண்மீன்கள் இழிவடைவதில்லை.

ஒப்புமை இலக்கணம்

அடுத்து இலக்கணத்தை நோக்குவோம். ஆங்கிலத்தில் உரிச்சொல்லின் இறுதியில் ஒரு விகுதியைச் சேர்த்தே ‘இதனினும் பெரிது’, ‘எல்லாவற்றினும் பெரிது’ என்னும் பொருள்களைத் தந்துவிடலாம். திராவிட மொழிகளில் அத்தகைய ஒப்புமை விகுதிகள் இல்லை என்பதை 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துக் காட்டினார். இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. நான் நிறையாகக் கருதுகின்றேன். விகுதியால் உயர்த்தும் மொழியில், எதைவிட என்று சொல்லாமலேயே ஒன்றை உயர்ந்தது என்று கூறிவிடலாம். தமிழில் ‘பெரிது’ என்பது தனித்து நின்றால் பெரிது என்று மட்டுமே பொருள்படும். அதனை ஒப்புமையாக்க வேண்டுமானால், மற்றொரு பொருளைக் கொண்டுவந்து முன்னே நிறுத்தி, அதற்கு உருபு கொடுத்தாக வேண்டும்.

ஐந்தாம் வேற்றுமைக்கு இன், இல் என்பன உருபுகள். நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்பன பொருள்கள். ஒப்புப் பொருளை உவமப்பொரு, உறழ்பொரு என உரையாசிரியர் இரண்டாகப் பகுத்தனர். ஒன்றுபோல் ஒன்று இருத்தல் முன்னது. ஒன்றினும் ஒன்று மிகுதல் பின்னது. இக்கால வழக்கில் விட, காட்டிலும், பார்க்கிலும் ஆகிய சொல்லுருபுகள் இவ்விடத்தைப் பெற்றுள்ளன. இவை மூன்றும் விடுதல், காட்டுதல், பார்த்தல் என்னும் வினைகளிலிருந்து வந்தவை. ‘அதைப் பார்க்கிலும் இது நன்று’ என்பவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். ‘அதைக் காட்டிலும்’ என்பவன் அதைக் காட்டவும் வேண்டும். பார்த்துக் காட்டிய பிறகே ‘அதை விட’ உரிமை உண்டு. திறனாய்வாளன் செய்ய வேண்டிய தொழில் முழுவதும் இம்மூன்று சொல்லுருபுகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

மிகுதியின் அளவைக் கூறவும் தமிழில் சொற்கள் உள. நனி, உறு, தவ ஆகியவற்றை மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியர் கூறினார். கூர், கழி, சால ஆகியவற்றையும் நன்னூலார் உடன் எண்ணினார். வள்ளுவர் இவ்வேலைக்கு ‘ஆற்ற’, ‘மாண’ என்னும் சொற்களை எடுத்தாள்வார். 64ஆம் குறளில், தம் குழந்தையின் சிறுகை துழாவிய கூழ், அமிழ்தத்தினும் ‘ஆற்ற’ இனிது. 124ஆம் குறளில், தன் நிலையிலிருந்து மாறாது அடங்கியிருப்பவனுடைய உயர்ச்சி, மலையினும் ‘மாண’ப் பெரிது. ஆங்கிலத் தொடர் தலையையும் தோளையும் கொண்டு செய்யும் வேலையை இங்கு ஒவ்வொரு சொல் செய்து முடிக்கின்றது. இவ்விரு குறளிலும் மேம்பட்ட பொருள் எது, அது எதனின் மேம்பட்டது, எப்பண்பில் மேம்பட்டது, எவ்வளவு மேம்பட்டது என்பன யாவும் விடுபடாமல் இருத்தலைக் காண்க. உயரம் என்றால் மலையைச் சொல்வதே உலக வழக்கு. வள்ளுவரோ அந்த மலையையே வரவழைத்து, அடங்கி நிற்பவனின் அருகில் நிறுத்தி அளந்து காட்டினார்.

நம் திறனாய்வின் நிலை

இவ்விலக்கணத்திலிருந்து மூன்று கேள்விகளைப் பெறலாம். எதனின்? எதில்? எவ்வளவு? ஒன்றை மேம்பட்டது என்று கூறும் எவரும் இம்மூன்றுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர். இம்மூன்றையும் நம் நூல் மதிப்புரைகளிடமும் அணிந்துரைகளிடமும் கேட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?

நம் நாட்டில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு விழாவிலும் ஒரு நூல் ‘ஈடு இணையற்றது’ ஆகின்றது. ‘ஒப்பற்ற படைப்பு’ ஆகின்றது. அதன் ஆசிரியர் ‘தலைசிறந்த எழுத்தாளர்’ ஆகின்றார். ஒரே வரிசையில் எல்லாரும் தலையானால் இடையும் கடையும் எங்கே போயின? ‘ஒப்பற்ற’ என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்தும் நிகர் கிடைக்காமையால் ஒப்பற்றது என்பது ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லையாதலால் ஒப்பற்றது என்பது மற்றொன்று. நம் அணிந்துரைகளில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. விழா மேடையில் இது வாழ்த்து என்று பொறுத்துக்கொள்ளலாம். அதுவே அச்சேறித் திறனாய்வு என்னும் பெயர் பெற்று, மாணவர் கையில் மேற்கோளாக வந்து சேரும்போது தீங்கு தொடங்குகின்றது.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையையும் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். முதற்பரிசுக் கட்டுரையின்மேல் ‘ஒப்பற்ற நடை’ என்று எழுதினேன். இரண்டாம் பரிசு பெற்ற இளைஞர் என்னிடம் வந்து, மிகவும் பணிவாக, “ஐயா, என் கட்டுரை எந்த இடத்தில் தாழ்ந்தது என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்வேன்” என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்து நான் படிக்கவேயில்லை. முதற்கட்டுரை என்னை மகிழ்வித்தது, அம்மகிழ்ச்சிக்குப் பரிசளித்துவிட்டேன். ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்று பொதுவாக ஏதோ சொல்லி அவரை அனுப்பினேன். அதன் பின்னர் அவ்விளைஞரின் எழுத்தை நான் எங்கும் கண்டதில்லை. அவர் எழுதாமற் போனதற்கு நான்தான் காரணம் என்று கூற இயலாது. நான் காரணமில்லை என்று துணிந்து கூறவும் இயலவில்லை. அளவு சொல்லாத புகழ்ச்சி, புகழப்பட்டவருக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை. அருகில் நின்றவருக்கோ அநீதி செய்கின்றது.

இந்நிலை நம் மரபில் எப்போதும் இருந்ததன்று. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழ், 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்தியது. பின்னர் 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இலக்கிய வட்டக் கூட்டங்களை நடத்தினார். கதை எழுதுவதைக் கற்றுத் தரவும், எழுதியதன் நிறைகுறைகளை எழுதியவர் முன்னிலையிலேயே பேசவும் அன்று இடம் இருந்தது.

மேம்பாட்டைக் கூறுதலே தவறு என்பார் சிலர். ஒவ்வொரு படைப்பும் தனித்தன்மை உடையது, ஒப்பிடுதல் கூடாது என்பர். இக்கருத்தும் எனக்கு உடன்பாடன்று. வ. வே. சு. ஐயர் சிறைவாசத்தின்போது ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆய்வு, அவர் 1925-இல் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1950-இல் நூலாக வெளிவந்தது. கம்பரை வான்மீகியோடும் ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடும் அருகருகே நிறுத்திப் பேசியது அந்நூல். கம்பரின் மேம்பாட்டை அவர் தயங்காது கூறினார். அவர் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆயினும், எதனின் என்று கேட்டால் அவரிடம் விடை உண்டு. எதில் என்று கேட்டாலும் விடை உண்டு. ஆகவே அவரோடு வாதிடலாம். ‘கம்பர் ஒப்பற்றவர்’ என்று மட்டும் கூறுபவரோடு வாதிட வழியில்லை. தலையசைக்கவே வழி உண்டு. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூல், சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. உயர்வு தாழ்வு கூறாமல் ஒற்றுமை காண்பதும் ஒப்பீட்டின் பயனே என்பதை அது காட்டிற்று. உவமப்பொரு, உறழ்பொரு என்னும் இருவகைக்கும் இவ்விரு நூல்களையும் சான்றாகக் கொள்ளலாம்.

நம் இலக்கியத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். 1942-43-இல் சப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய சயாம்-பர்மா இரயில் பாதையில் மாண்ட நம்மவர் துயரத்தை, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரு புதினங்களும் பேசுகின்றன. ஒரே நிலத்தில் நிற்கும் படைப்புகள்; ஆகவே ஒப்பிடத் தக்கவை. இவற்றுள் எது மேம்பட்டது என்று மாணவரைக் கேட்டால், உடனே ஒன்றன் பெயரைச் சொல்லிவிட முனைவர். பாத்திர வார்ப்பிலா, வரலாற்றுச் செய்திகளைக் கதையோடு இணைப்பதிலா, நடையிலா, தோட்டத்தை விட்டுச் சென்றவரின் குடும்ப நினைவைக் காட்டுவதிலா என்று அடுத்துக் கேட்க வேண்டும். அப்போது ஒன்று ஒரு வகையிலும் மற்றொன்று வேறு வகையிலும் மேம்படுதல் புலப்படலாம். அம்மாணவர் மீண்டும் நூலைத் திறப்பார். திறனாய்வு செய்ய வேண்டிய நற்பணி, வாசகரை மீண்டும் நூலைத் திறக்கச் செய்தலே.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொல்ல விழைகின்றேன். மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி முதலியவற்றை நம் பாடத்திட்டம் மொழியணி என்னும் பிரிவில் வைத்துள்ளது. மாணவர் அவற்றைப் பொருளோடு மனனம் செய்கின்றனர். அதனோடு அமையாது, தொடர் எக்காட்சியிலிருந்து பிறந்தது என்பதையும் அவர்கள் காணச் செய்தல் வேண்டும். ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழாக்க விரும்பும் மாணவனிடம், ‘அச்சொற்களை மறந்துவிடு, அக்காட்சியை என்னிடம் கூறு, உன் பாட்டி அக்காட்சியைக் கண்டால் என்ன சொல்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல தமிழ் வந்து நிற்கும். அடுத்து, ‘மிகச் சிறந்த’ என்று எழுதும் ஒவ்வொரு மாணவனும் எதனின், எதில், எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கு ஒரு வாக்கியத்திலாவது விடை எழுதப் பழக்குங்கள். நாமும் மாணவர் ஏட்டில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதும்போது அதே விதிக்கு உட்படுதல் முறை.

மறுநாள் அம்மாணவியை அழைத்தேன். தலை, இடை, கடை வரிசையை விளக்கினேன். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதையும் கூறினேன். குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தரவில்லை. ஆனால் ‘மரபன்று’ என்று நான் எழுதிய இடத்தின் கீழே காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் சற்று எண்ணிவிட்டு, “அப்படியென்றால் அவர் எதில் சிறந்தவர் என்று நான் எழுதவே இல்லையே, ஐயா” என்றாள். ஏட்டை வாங்கிக்கொண்டு போய், அந்த ஆட்டக்காரர் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையிலும் பதற்றமடையாமல் ஆடும் தன்மையைப் பற்றி ஐந்தாறு வரிகள் சேர்த்து எழுதி வந்தாள். ‘தலைசிறந்த’ என்னும் சொல்லையும் அவளே அடித்துவிட்டிருந்தாள். அச்சொல் அங்குத் தேவைப்படவில்லை.

பிறப்பில் எல்லாரும் ஒப்பு. செய்யும் தொழிலின் வேறுபாட்டால் சிறப்பு ஒவ்வாது என்பது 972ஆம் குறளின் கருத்து. எல்லாரையும் முதலில் ஒரே நிலத்தில் நிறுத்தி, அதன்பின் அவரவர் செயலைக் கொண்டு சிறப்பை அளக்கும் முறை அது. நம் படைப்புகளையும் நாம் அவ்வாறே அளப்போமாக. மேடையை எடுத்துவிட்டுப் பார்த்தால் எந்நூல் எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும். உண்மையில் உயர்ந்து நிற்கும் நூலுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை.